மரபுரிமையாக வந்த போர்க்கால விமானப்படைச் சின்னம்: ஆராய்வதும் மதிப்பிடுவதும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ராயல் விமானப்படையிலோ அதனுடன் சேர்ந்து பணியாற்றிய படைகளிலோ இருந்த ஒருவரின் சின்னம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "இதற்கு என்ன விலை போகும்?" என்பதாகவே இருக்கும். அதற்கு விடை உண்டு. ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இது என்ன, எந்தக் காலத்தது, யாருடையது என்பவற்றுக்கு முதலில் விடை காண வேண்டும். போரின் உச்சத்தில் ராயல் விமானப்படையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களுக்கான சின்னங்கள் பெருமளவில் தயாரிக்கப்பட்டன, அவற்றில் பெரும்பாலானவற்றில் பெயரோ எண்ணோ இல்லை. ஆகவே ஒரு சின்னத்தை மற்ற ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, அதை அணிந்தவர் இன்னார் என்று நிறுவும் சான்று மட்டுமே. அந்தச் சான்றைக் காப்பதும் தேடுவதும் மதிப்பிடும் வேலையின் பெரும்பகுதி.

முதல் வேலை: எதையும் மாற்றாமல் வைத்திருப்பது

பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பதும், வெள்ளி என்றால் விபூதியால் துலக்குவதும் நம் வீடுகளில் கைவந்த பழக்கம். சின்னத்தைப் பொறுத்தவரை இந்தப் பழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். எண்பது ஆண்டுகளில் உலோகத்தின்மேல் படிந்த மங்கலான நிறம் அதன் வயதுக்குச் சாட்சி. ஒரு முறை தேய்த்தால் அது போய்விடும், கூடவே தங்க முலாமும் நுண்ணிய வேலைப்பாட்டின் முனைகளும் தேய்ந்துபோகும். துணிச் சின்னத்தைத் துவைக்கவும் கூடாது, இஸ்திரி போடவும் கூடாது. சட்டையில் தைத்தபடியே வந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே பிரித்தெடுக்கப்பட்டிருந்தால், பின்புறத்தில் தொங்கும் பழைய நூல் துணுக்குகளைக் கத்தரிக்க வேண்டாம், ஏனெனில் அது ஒரு சீருடையில் உண்மையாகவே தைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அவையே தடயம்.

தங்கமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் நகைக்கடைக்கோ அடகுக்கடைக்கோ கொண்டுபோய் உரைகல்லில் உரசிப் பார்ப்பது இன்னொரு பெருங்கேடு. உரசிய கீறல் என்றைக்கும் மறையாது. எடைக்கு அவர்கள் சொல்லும் விலைக்கும் சின்னத்தின் வரலாற்று மதிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உடன் கிடைத்த சான்றிதழ், கடிதம், அடையாள அட்டை ஆகியவற்றை லேமினேஷன் செய்யவே கூடாது. வெப்பத்தில் ஒட்டிய அந்தப் படலத்தைக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

சின்னம் எந்தப் பெட்டியில் இருந்ததோ அந்தப் பெட்டியையும், அதனுடன் இருந்த துண்டுக் காகிதம், அஞ்சல் உறை, பொத்தான், நிழற்படம் அனைத்தையும் ஒன்றாகவே வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள், ஊக்கு என்று ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில், அருகில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பிறகு குடும்பத்தின் மூத்தவர்களிடம் பேசி, அவர்கள் சொல்வதைச் சொன்னவர் பெயருடனும் தேதியுடனும் எழுதி வையுங்கள். நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதினால் பின்னால் ஆவணங்களோடு ஒப்பிடும்போது பெரிதும் உதவும்.

இது எந்தச் சின்னம்?

புதிதாக இத்துறைக்கு வருவோர் அதிகம் குழம்பும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ராயல் விமானப்படை 1918 ஏப்ரல் 1 அன்று உருவானது. அதன் விமானிகள் அணிந்த 'விங்ஸ்' துணியில் பூவேலை செய்த சின்னம்: நடுவே இலைவளையத்துக்குள் ஆர்.ஏ.எஃப். (ராயல் ஏர் ஃபோர்ஸ்) என்ற எழுத்துகள், மேலே கிரீடம், இருபுறமும் விரிந்த சிறகுகள். இடப்பக்கச் சட்டைப்பைக்கு மேலே அது தைக்கப்பட்டது. அமெரிக்க விமானிகளின் சிறகுகள் பெரும்பாலும் வெள்ளியில் செய்த உலோகச் சின்னங்கள். பிரிட்டனில் வழக்கம் வேறு. ஆகவே ஆர்.ஏ.எஃப். எழுத்துகளும் சிறகும் கொண்ட, பின்னால் ஊக்கு வைத்த சிறிய தங்க அல்லது வெள்ளி அணி உங்களிடம் இருந்தால், அது அநேகமாக விமானி அணிந்தது அன்று. அவர் தாய்க்கோ மனைவிக்கோ காதலிக்கோ வாங்கித் தந்த 'ஸ்வீட்ஹார்ட் புரோச்' எனப்படும் அணி. இதை அறிந்து ஏமாற்றம் அடையத் தேவையில்லை. போர்க்காலத்தில் வீட்டில் காத்திருந்த பெண்ணின் நெஞ்சில் இருந்த பொருள் அது, தனக்கென்று சேகரிப்பாளர்களும் உடையது. ஆனால் அதை 'விமானியின் சின்னம்' என்று சொல்லி விற்பது தவறு.

இரு சிறகுகளுக்குப் பதிலாக ஒற்றைச் சிறகு மட்டுமே இருந்தால், அது விமானி அல்லாத வான்பணியாளருடையது. ஆங்கில 'ஓ' எழுத்திலிருந்தே சிறகு புறப்படுவது, வழி காண்பதும் குண்டு வீசுவதும் பொறுப்பாகக் கொண்ட அப்சர்வரின் சின்னம். இலைவளையத்துக்குள் 'ஏ.ஜி.' என்றிருப்பது விமானத் துப்பாக்கி வீரருக்காக 1939 டிசம்பரில் வந்தது. 1942இல் அப்சர்வரின் பணிகள் பிரிக்கப்பட்டபோது வழி கணிக்கும் நேவிகேட்டருக்கு 'என்', குண்டு வீச்சாளருக்கு 'பி', விமானப் பொறியாளருக்கு 'ஈ' என்று தனிச் சின்னங்கள் தோன்றின. வானொலித் தொடர்பைக் கவனித்த சிக்னலருக்கான 'எஸ்' அதற்கும் பிந்தியது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் பறந்தனர். விமானி ஒருவர் தவிர மற்ற ஆறு பேரின் மார்பிலும் இத்தகைய ஒற்றைச் சிறகுகளே இருந்தன. "தாத்தா ஸ்பிட்ஃபயர் ஓட்டினார்" என்ற குடும்பக் கதையும் 'ஏ.ஜி.' சின்னமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தால், சின்னத்தின் பக்கமே சாய வேண்டும்: போர்க்கள ஸ்பிட்ஃபயர் ஒருவர் மட்டுமே அமரும் விமானம், அதில் துப்பாக்கி வீரருக்கு இடமே இல்லை.

சிறகே இல்லாமல் பித்தளையில் கிரீடமும் இலைவளையமும் ஆர்.ஏ.எஃப். எழுத்துகளும் மட்டும் இருந்தால், அது அதிகாரி அல்லாத படையினரின் தொப்பிச் சின்னம். மிக அதிகமாகக் கிடைப்பது இதுவே. என்ஜினைப் பழுது பார்த்தவரும் குண்டுகளை ஏற்றியவரும் சமையல்கூடத்தில் நின்றவரும் இதைத்தான் அணிந்தனர். சந்தையில் விலை குறைவு என்பதால் அவர்களின் வரலாற்றைத் தேடாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. தரையில் நின்று உழைத்தவர்கள் இல்லாமல் ஒரு விமானமும் எழும்பியிருக்காது.

அரிதான சில வகைகளைத் தனியே சொல்ல வேண்டும். 1942 ஆகஸ்டில் டான் பென்னட் தலைமையில் உருவாகி, குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னே சென்று இலக்கைக் குறித்துக் காட்டிய பாத்ஃபைண்டர் படையினர், மார்புப்பை மடிப்பின்மேல் பொன்முலாம் பூசிய சிறிய கழுகு ஒன்றை அணிந்தனர். பணியை முடித்தவருக்கு அதை நிரந்தரமாக அணியும் உரிமையளித்துச் சான்றிதழ் தரப்பட்டது. அதிகாரிகளின் தொப்பியில் இருந்த கழுகும் தோற்றத்தில் இதற்கு மிக நெருக்கமானது என்பதால், சான்றிதழோ பதிவேடோ இல்லாத தனிக் கழுகைப் பாத்ஃபைண்டர் கழுகு என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

இர்வின் நிறுவனத்தின் பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கு, லெஸ்லி இர்வின் 1922இல் தொடங்கிய கேட்டர்பில்லர் கிளப் சிறிய கம்பளிப்பூச்சி வடிவ ஊசியைத் தந்தது. பின்புறத்தில் பெறுபவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது இதன் தனிச்சிறப்பு. பெயரே இல்லாத போர்க்காலச் சின்னங்களுக்கிடையே இது ஆராய்ச்சிக்குக் கிடைத்த வரம். கடலில் விழுந்து மிதவைப் படகால் பிழைத்தவர்களுக்காக 1942இல் தொடங்கிய கோல்ட்ஃபிஷ் கிளப்பின் சின்னம் துணியாலானது: சிறகு முளைத்த மீன், கீழே இரு அலைகள். பலர் அதைச் சட்டைப்பை மடிப்புக்கு அடியில் மறைத்துத் தைத்துக்கொண்டனர். ஆகவே பழைய சீருடை கிடைத்தால் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். பிரிட்டனிலிருந்து போரிட்ட போலந்து விமானிகளின் சின்னம் வாயில் இலைவளையத்தைக் கவ்விப் பாயும் கழுகு. அதன் பின்புறத்தில் எண் இருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர்.பி. என்ற எழுத்துகள் கொண்டதோ விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணியைச் சேர்ந்த குடிமக்களின் சின்னம், விமானப்படைக்கு உரியதன்று.

காலத்தையும் உண்மைத்தன்மையையும் சோதிப்பது

கிரீடத்தின் வடிவமே எளிய முதல் சோதனை. ஆறாம் ஜார்ஜ் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் மேல்நோக்கி உருண்டு நிற்கும். எலிசபெத் அரசியின் காலத்தில், 1950களின் தொடக்கத்திலிருந்து வந்த கிரீடத்தின் வளைவுகள் நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த கிரீடம் என்றால் போர்க்காலத்தது இல்லை. ஆனால் உருண்ட கிரீடம் என்பதாலேயே போர்க்காலத்தது என்றும் ஆகிவிடாது: 2022இல் மூன்றாம் சார்லஸ் மன்னர் மீண்டும் உருண்ட வடிவையே தேர்ந்ததால், இன்றைய புதுச் சின்னங்களும் அதே சாயலில் வருகின்றன. மேலும், ஒற்றைச் சிறகுச் சின்னங்களில் கிரீடமே கிடையாது, நேவிகேட்டரின் 'என்' போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அவற்றைத் துணியையும் தையலையும் கொண்டே மதிப்பிட வேண்டும்.

வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ந்த பிற்கால நூல்கள் புறஊதா விளக்கின்கீழ் நீலவெண்மையாகப் பளிச்சிடும். போர்க்காலப் பட்டும் பருத்தியும் மங்கலாகவே தெரியும். பணத்தாள் சோதிக்கும் சிறிய விளக்கே இதற்குப் போதும். எனினும் இக்காலச் சலவைத்தூளில் துவைத்த பழந்துணியும் ஒளிரும் என்பதால், இந்தச் சோதனையின் முடிவை மட்டும் வைத்து ஒன்றைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. இந்தியாவிலும் எகிப்திலும் உள்ளூர்த் தையற்காரர்கள் காக்கித் துணியில் செய்து தந்த சிறகுகளும் உண்டு. எழுத்தும் கிரீடமும் சற்றுக் கோணலாக இருக்கும் அவற்றைப் போலி என்று எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அவை அந்தந்தப் போர்முனையின் அசல் பொருள்கள்.

உலோகமானால் பூதக்கண்ணாடியால் ஓரங்களையும் இறகுக் கோடுகளையும் பாருங்கள். அச்சில் அடித்த அசலில் கோடுகள் கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் கோடுகள் மழுங்கி, பரப்பில் நுண்துளைகள் தென்படும். வெள்ளி, தங்க அணிகளில் ஹால்மார்க் இருந்தால் அதுவே பிறப்புச் சான்று: நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளியைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்ஹாமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும், அருகிலுள்ள ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். 9 என்றும் .375 என்றும் பொறித்திருந்தால் ஒன்பது காரட் தங்கம்.

யாருடையது?

இதற்குத் திறவுகோல் சேவை எண். சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்று, பதக்கங்கள் அஞ்சலில் வந்த சிறிய அட்டைப்பெட்டி, கடித உறை என்று எதிலாவது அது இருக்கும். எல்லாவற்றிலும் மேலானது விமானப் பணியாளரின் லாக் புக். ஒவ்வொரு பறப்பின் தேதியும் விமான வகையும் அதன் எண்ணும் உடன் பறந்தவர் பெயரும் அதில் இருக்கும் என்பதால், சின்னம் கிடைத்த வீட்டில் லாக் புக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம். அதிகாரியாக இருந்தவர் என்றால் பிரிட்டன் அரசிதழான 'லண்டன் கெசட்' இதழில் அவருடைய நியமனமும் பதவி உயர்வும் விருதும் வெளியாகியிருக்கும். அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

எந்த ஸ்குவாட்ரன் (விமான அணி) என்று தெரிந்தபின், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' தொகுதிக்குச் செல்லுங்கள். ஸ்குவாட்ரன்கள் அன்றாடம் எழுதிய நடவடிக்கைப் பதிவேடுகள் அங்கே உள்ளன. படிவம் 540 பொதுவான நாட்குறிப்பு. படிவம் 541இல் எந்த விமானத்தில் யார் யார் எத்தனை மணிக்குப் புறப்பட்டுத் திரும்பினர் என்ற விவரம் இருக்கும். இழப்பு நேர்ந்த நிகழ்வுகளுக்கு 'ஏர் 81' கோப்புகளைப் பார்க்க வேண்டும். தனிநபர் பணி ஆவணங்கள் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து இந்தக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பிக்கும்போது அவருடைய இறப்புச் சான்றை உடன் வைத்தால் வேலை எளிதாகும்.

பணியில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தரவுத்தளம் முதல் நிறுத்தம். குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,573 பேர் உயிரிழந்தனர். கல்லறை அறியப்படாத விமானப்படையினரின் பெயர்கள், வடமேற்கு ஐரோப்பாவுக்கு ரன்னிமீட் நினைவகத்திலும், தென்கிழக்காசியாவுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையும் இதே ஆணையத்தின் பராமரிப்பில் இருக்கிறது.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. போர்த் தொடக்கத்தில் சென்னை பரங்கிமலையில் அதன் கடலோரக் காவல் பறப்புப் பிரிவு ஒன்று இயங்கியது. 1945 மார்ச்சில் 'ராயல்' என்ற அடைமொழி சேர்ந்தது, 1950இல் குடியரசானபோது நீங்கியது, ஆகவே ஆர்.ஐ.ஏ.எஃப். என்ற எழுத்துகள் கொண்ட சின்னம் அந்த ஐந்தாண்டு இடைவெளிக்குள் வந்ததாகவே இருக்க வேண்டும். அதிகாரி அல்லாத விமானப்படையினரின் ஆவணங்களுக்குப் புது தில்லி சுப்ரோதோ பார்க்கிலுள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். இலங்கையின் ராயல் சிலோன் விமானப்படை 1951இல்தான் பிறந்தது. அதன் பெயர் தாங்கிய எதுவும் உலகப் போர்ச் சின்னமாக இருக்க முடியாது.

மதிப்பிடுவது

ஒரே சின்னத்துக்கு ஒன்றுக்கொன்று வேறான மூன்று விலைகள் உண்டு: ஏலத்தில் கிடைப்பது, வணிகர் கடையில் எழுதி வைப்பது, காப்பீட்டுக்காகக் குறிப்பது. நீங்கள் விற்பவர் என்றால் முதலாவதைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அன்று. விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். லண்டனின் நூனன்ஸ், ஸ்பிங்க் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளை அவற்றின் தளங்களில் காணலாம். உங்களுடையதை ஒத்த பல பொருள்களின் முடிவுகளைத் தேதியுடன் குறித்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள். சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலத்தில் முடிவான விலைக்கு மேல் வாங்குபவர் தரகு கட்டுகிறார், அதே விலையிலிருந்து உங்கள் பங்குக்கும் தரகு கழிக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலையை உயர்த்துவது பெரும்பாலும் ஆவணமே. பெயரற்ற விமானிச் சிறகு எளிய விலைக்குப் போகும். அதுவே லாக் புக், நிழற்படம், பதக்கங்களுடன் சேர்ந்து, 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்தவருடையது என்று நிறுவப்பட்டால் அதன் நிலையே வேறு. அந்தப் போரில் பறந்தோர் மூவாயிரம் பேருக்கும் குறைவு. அவர்களுக்கெனத் தனி மார்புச் சின்னம் தரப்படவில்லை, 1939–45 நட்சத்திரப் பதக்கத்தில் சேரும் ஒரு பட்டையே தரப்பட்டது. பிரிட்டிஷ் படையினருக்கான போர் நட்சத்திரங்களில் பெயரும் இராது. எனவே காகிதம் இல்லாவிட்டால் உரிமை கோருவது வெறும் பேச்சாகிவிடும்.

இதனால்தான், பாகப்பிரிவினையின்போது பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சின்னத்தையும் பதக்கத்தையும் லாக் புக்கையும் எடுத்துக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எண்பது ஆண்டுகள் ஒன்றாக இருந்தவை பிரிந்தால், பணமதிப்பு மட்டுமன்றி அந்த மனிதரின் கதையும் சிதறிப்போகும், திரும்பச் சேர்க்க வழியிருக்காது. ஒருவரிடம் முழுத்தொகுப்பையும் விட்டு, நடுவிலை ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றவர்களுக்கு ஈடு செய்வதே நேர்மையான வழி.

வைத்திருப்பது என்று முடிவானால், அமிலமற்ற மெல்லிய காகிதத்தில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். பி.வி.சி. உறை காலப்போக்கில் உலோகத்தைக் கெடுக்கும், ரப்பர் வளையம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து அவ்வப்போது மாற்றுவது நல்லது. அந்துருண்டை துணியைத் தொடக்கூடாது. அருங்காட்சியகத்துக்கு அளிக்க விரும்பினால், லண்டன் ஹெண்டனிலுள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு முதலில் படங்களையும் நீங்கள் திரட்டிய குறிப்புகளையும் அனுப்பிக் கேளுங்கள். அழைப்பின்றிப் பொருளை அஞ்சலில் அனுப்பாதீர்கள்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப எண்ணுவோர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தை மனத்தில் கொள்ள வேண்டும். நூறாண்டுகள் நிறைந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய அச்சட்டம் அனுமதிப்பதில்லை. ராயல் விமானப்படைக்கு முன்னோடியான, முதல் உலகப் போரின் ராயல் ஃபிளையிங் கோர் படையின் சின்னங்கள் ஏற்கெனவே அந்த வயதைக் கடந்துவிட்டன. இரண்டாம் போரின் தொடக்க ஆண்டுச் சின்னங்கள் 2039 முதல் அதை எட்டத் தொடங்கும்.